ப்ரில் ரயில் நிலையம்: பக்கிங்ஹாம் பிரபுவின் ட்ராம்வே எப்படிப் பிறந்தது, ஏன் மறைந்தது?

லண்டன் பாதாள ரயில் ஒரு காலத்தில் பக்கிங்ஹாம்ஷைரில் இருக்கும் ப்ரில் என்ற கிராமம் வரை போனது உண்மையா, அந்தப் பாதையைப் போட்டவர்தான் சென்னை பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் பெயர் தந்தவரா, அப்படியென்றால் அந்த ஸ்டேஷன் ஏன் இருந்த இடம் தெரியாமல் போனது என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் நீங்கள் கேட்பது ஒன்றைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். பெரிய ஊரோ ஆலையோ இல்லாத ஒரு மூலைக்கு ரயில் வந்ததே எப்படி, வந்தது அறுபது ஆண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடித்ததே எப்படி? அதற்குப் பதில் தெரிந்தால் மற்ற மூன்றும் தானாகவே விளங்கிவிடும்.

முதல் இரண்டுக்கும் ஆம் என்பதே பதில், ஆனால் ஒரு திருத்தம் உண்டு. லண்டனின் முதல் பாதாள ரயிலை 1863-ல் ஓட்டிய மெட்ரோபாலிடன் ரயில்வே கம்பெனிதான் 1899 முதல் ப்ரில் பாதையையும் நடத்தியது. 1933-ல் அந்தக் கம்பெனி லண்டன் பயணிகள் போக்குவரத்து வாரியத்தோடு இணைந்தபோது ப்ரிலும் சேர்ந்தே போனது. ஆகவே நிர்வாகக் கணக்கில் அது லண்டன் பாதாள ரயிலின் ஒரு கிளைதான். ஆனால் ப்ரில் வழியில் சுரங்கம் கிடையாது, மின்சாரமும் வந்ததில்லை. பேக்கர் தெருவில் ஏறி நேராக ப்ரிலில் இறங்கவும் முடியாது. க்வெய்ன்டன் ரோடு சந்திப்பில் இறங்கி, கரி எஞ்சின் இழுக்கும் குட்டி வண்டிக்கு மாற வேண்டும். அங்கிருந்து வயல்வெளி வழியாக ஆறரை மைல்.

பாதையைப் போட்டவர் மூன்றாவது பக்கிங்ஹாம் டியூக், ரிச்சர்ட் டெம்பிள் கிரென்வில். முழுப் பெயர் இன்னும் நீளம். இவருடைய தந்தை கடனில் மூழ்கிப் புகழ்பெற்ற ஸ்டோ மாளிகையின் சாமான்களை 1848-ல் ஏலத்துக்கு விட்டவர். அந்த ஏலம் நாற்பது நாள் நடந்தது. இருந்ததைக் காப்பாற்றும் வேலை மகன் தலையில் விழுந்தது. அவருக்கு ரயில் தொழில் நன்றாகத் தெரியும். 1853 முதல் 1861 வரை, அன்றைய இங்கிலாந்தின் மிகப் பெரிய ரயில் கம்பெனிகளில் ஒன்றான லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வேயின் தலைவராக இருந்தார். அதனால் ட்ராம்வேயை ஒரு பிரபுவின் பொழுதுபோக்கு என்று சொல்வது தவறு. எந்தச் செலவு தேவை, எது இல்லாமல் சமாளிக்கலாம் என்று கணக்குப் பார்க்கத் தெரிந்த ஒருவர் செய்த வேலை அது.

1868 செப்டம்பரில் எய்ல்ஸ்பரியிலிருந்து வெர்னி சந்திப்பு வரை ஓர் ஒற்றைப் பாதை திறக்கப்பட்டது. அதன் பின்னணியில் இருந்தவர்கள் இதே டியூக்கும் கிளேடன் மாளிகையின் சர் ஹாரி வெர்னியும் (வெர்னியின் மனைவி ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலின் அக்கா). அந்தப் பாதை டியூக்கின் வாட்டன் பண்ணையைத் தொடாமல் சில மைல் தள்ளியே போனது. பண்ணையின் விளைச்சலும் பாலும் வெளியே போக வேண்டும், நிலக்கரியும் எருவும் உள்ளே வர வேண்டும். பக்கிங்ஹாம்ஷைர் களிமண் பூமி. மழைக்காலத்தில் வண்டிச் சக்கரம் அச்சு வரை புதைந்துவிடும். ஆகவே க்வெய்ன்டன் ரோடிலிருந்து பண்ணைக்குள் தண்டவாளம் போட டியூக் முடிவு செய்தார். 1870 செப்டம்பரில் வேலை தொடங்கி, 1871 ஏப்ரல் 1-ல் வாட்டன் வரையும் அந்த ஆண்டு ஜூனில் வுட் சைடிங் வரையும் பாதை திறந்தது. 1872 வசந்தத்துக்குள் ப்ரில் குன்றின் அடிவாரத்தைத் தொட்டுவிட்டது.

இவ்வளவு வேகமாகவும் மலிவாகவும் முடிந்ததற்குக் காரணம் சட்டத்தில் இருக்கிறது. அன்றைய இங்கிலாந்தில் ரயில் பாதை போட வேண்டுமென்றால் பாராளுமன்றத்தில் தனிச் சட்டம் வாங்க வேண்டும், ஏனென்றால் அடுத்தவர் நிலத்தைக் கட்டாயமாக எடுக்கும் அதிகாரம் அந்தச் சட்டத்திலிருந்துதான் வரும். வக்கீல் கூலி, சாட்சிகள், எதிர்ப்பவர்களுக்கு ஈடு என்று முதல் மண்வெட்டி விழுமுன்னே பெரும் பணம் கரையும். வாட்டன் பாதை முழுக்க டியூக்கின் நிலத்திலேயே போனது. இடையில் ஒரு சிறு துண்டு மட்டும் ஓர் அறக்கட்டளைக்குச் சொந்தம்; அதைப் பேசி முடித்தார்கள். யாருடைய நிலத்தையும் பறிக்க வேண்டாம் என்றால் சட்டமும் வேண்டாம். சட்டத்தின் கீழ் வராத பாதை என்பதால் பயணிகள் ரயில்களுக்கு இருந்த கட்டுப்பாடுகளில் பெரும்பகுதி அதைத் தொடவில்லை. ட்ராம்வே என்ற பெயரைக் கேட்டு நகரத் தெருவில் ஓடும் ட்ராமை நினைக்கக் கூடாது. சரக்குக்காகப் போடும் இலகுவான பாதையை அந்தக் காலத்து ஆங்கிலேயர் அப்படித்தான் அழைத்தார்கள்.

தடத்தின் அமைப்பைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் வந்த சிக்கல்கள் எல்லாம் இங்கேதான் தொடங்குகின்றன. முதலில் இழுத்தவை குதிரைகள். நாம் பார்த்துப் பழகிய தடத்தில் கட்டைகள் குறுக்கே கிடக்கும். அதன்மேல் நாள் முழுக்க நடந்தால் குதிரை இடறும். அதனால் கட்டைகளைத் தண்டவாளத்தின் அடியில் நீளவாக்கில் பதித்து, நடுப்பகுதியைச் சமமான நடைவழியாக விட்டார்கள். தண்டவாளம் பிரிட்ஜ் ரயில் என்ற வகை. வெட்டிப் பார்த்தால் கவிழ்த்த 'ப' போல இருக்கும், அடிவிளிம்பில் ஆணி அடித்துக் கட்டையோடு பிணைத்துவிடலாம். எடை கெஜத்துக்கு 30 பவுண்டு, அதாவது மீட்டருக்குச் சுமார் 15 கிலோ. இன்றைய முதன்மைப் பாதைகளில் மீட்டருக்கு 60 கிலோ தண்டவாளம் போடுகிறார்கள் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இலகுவான தண்டவாளம் நீளவாக்குக் கட்டைமேல் கிடக்கும்போது அடி முழுக்கத் தாங்கல் கிடைக்கிறது; குதிரை வண்டிக்கு அது போதும். பாரம் கூடும்போதுதான் குறை வெளியே வரும். இரண்டு தண்டவாளங்களையும் ஒரே இடைவெளியில் பிடித்து வைக்கக் குறுக்கே போதிய பிணைப்பு இல்லை, அதனால் வளைவுகளில் தடம் அகலும். நீளக் கட்டைகள் இருபுறமும் வரப்பு போல நின்று நடுவில் மழைநீரைத் தேக்கும். களிமண் ஊறும், கட்டை உளுக்கும், பாதை ஒரு பக்கம் இறங்கும்.

க்வெய்ன்டன் ரோடில் முதன்மைப் பாதையோடு நேர் இணைப்பும் இல்லை. ஒரு சரக்குப் பெட்டி மட்டுமே நிற்கக்கூடிய சிறு சுழல்மேடை ஒன்று இருந்தது. பெட்டிகளை ஒவ்வொன்றாக அதன்மேல் தள்ளி, திருப்பி, அந்தப் பக்கம் இறக்க வேண்டும். பால் கேன்களும் வைக்கோலும் போகும் அளவுக்கு இது சரிதான். ஆனால் எஞ்சினோ முழு வண்டியோ முதன்மைப் பாதைக்கு நேராகப் போக வழியில்லை. வழியில் வாட்ஸ்டன், வெஸ்ட்காட், வாட்டன், வுட் சைடிங் என்று நிறுத்தங்கள். சர்ச் சைடிங் என்ற இடத்தில் பிரிந்து கிங்ஸ்வுட் பக்கம் போன ஒரு கிளை கடைசி வரை குதிரையை மட்டுமே நம்பி இருந்தது. 1870-களில் பக்கத்துக் குன்றில் ஃபெர்டினாண்ட் டி ரோத்ஸ்சைல்ட் தன் வாட்ஸ்டன் மாளிகையைக் கட்டத் தொடங்கினார். அதற்கான கட்டுமானப் பொருளும் இந்தப் பாதை வழியாக வந்தது, வெஸ்ட்காட் அருகிலிருந்து ஒரு தற்காலிகக் கிளை போட்டு மேலே ஏற்றினார்கள்.

பயணிகளை ஏற்றும் எண்ணம் தொடக்கத்தில் இல்லை. ப்ரில் மக்கள் கேட்டுக்கொண்டதால் 1872 ஜனவரியில் பயணிகள் வண்டியும் ஓடத் தொடங்கியது. இங்கே ஒரு பழைய குறையைக் குறிப்பிட வேண்டும். ப்ரில் ஊர் குன்றின் மேல் இருக்கிறது, அதன் பழைய காற்றாலை இன்றும் உச்சியில் நிற்கிறது. ஸ்டேஷன் அடிவாரத்தில், ஊரிலிருந்து முக்கால் மைல் தள்ளி. இந்த எஞ்சின்களும் தடமும் குன்றேறத் தாங்காது என்பதால் பாதை கீழேயே நின்றுவிட்டது. சந்தைக்குப் போய்த் திரும்புகிறவர் கூடையோடு மேட்டில் ஏற வேண்டும். பேருந்து வந்து ஊர் நடுவிலேயே ஆளை இறக்கத் தொடங்கியபோது இந்த முக்கால் மைல் ஸ்டேஷனை மெல்லக் கொன்றது என்பது என் கணிப்பு. பயணிகள் எண்ணிக்கையை வைத்து நிரூபித்த முடிவாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குதிரைக்குப் பதில் வந்த முதல் எஞ்சின்கள், சாலை நசுக்கும் ரோலரைத் தண்டவாளத்தில் ஏற்றியது போலவே இருக்கும். கென்ட் மாகாணத்து ராச்செஸ்டரில் இருந்த அவெலிங் அண்ட் போர்ட்டர் கம்பெனியிடம் 1872-ல் வாங்கியவை; தயாரிப்பு எண்கள் 807, 846; ஒன்றின் விலை 398 பவுண்டு. கொதிகலனின் மேல் ஒரே சிலிண்டர், பக்கவாட்டில் பெரிய சுழற்சக்கரம், சங்கிலியும் பற்சக்கரமும் வழியாக அச்சுக்கு விசை. அதிகபட்ச வேகம் மணிக்கு 8 மைல். வழியில் பெட்டிகளைச் சேர்த்துக் கழற்றிக்கொண்டு போனால் ஆறரை மைலைக் கடக்க ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஆகும். கால் வலுவுள்ளவர் நடந்தே கிட்டத்தட்ட அதே நேரத்தில் போய்விடலாம். இருந்தும் இவற்றை வாங்கியதற்கு எடைதான் காரணம். சாதாரண ரயில் எஞ்சின் அந்த 30 பவுண்டு தண்டவாளத்தை வளைத்துவிடும். 1876, 1877-ல் பேக்னால் கம்பெனியின் சிறு எஞ்சின்கள் வந்து வேகம் கொஞ்சம் கூடியது. எடைக் கட்டுப்பாடு மட்டும் தீரவில்லை.

இனி சென்னைத் தொடர்பு. இதே டியூக் 1875 முதல் 1880 வரை சென்னை மாகாண கவர்னர். ட்ராம்வே திறந்து மூன்று நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. அவர் இங்கே இருந்த காலத்தில் அங்கே மேலாளர்தான் அதை நடத்தினார். அவர் வந்து சேர்ந்த கொஞ்ச நாளில் தாது வருஷப் பஞ்சம் தொடங்கியது. எண்ணூர் பக்கத்துக் கால்வாயை 1800-களின் தொடக்கத்திலேயே பேசில் காக்ரேன் வெட்டியிருந்தார், அதனால் முதலில் அது காக்ரேன் கால்வாய். பஞ்ச நிவாரண வேலையாக 1877–78-ல் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே விட்டுப்போயிருந்த சுமார் 8 கிலோமீட்டரை வெட்டி இணைத்தார்கள். முழு நீர்வழிக்கும் கவர்னரின் பெயர் வந்தது அப்போதுதான். ஆகவே டியூக் கால்வாயைக் கட்டினார் என்பது பாதி உண்மை. அவர் ஆட்சியில் அது இணைக்கப்பட்டது, அவர் பெயர் வைக்கப்பட்டது. வெட்டியவர்கள் பட்டினியில் வந்து நின்ற மக்கள். அந்தச் சமயத்தில் இந்திய அரசு அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள் (பெயர் ஒத்திருந்தாலும் இவர் டியூக் அல்ல, வேறொரு அதிகாரி) நிவாரணக் கூலியை ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறு காசும் என்று குறைத்ததையும், சென்னை மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ் அது உயிர்பிழைக்கப் போதாது என்று வாதாடியதையும், சில மாதங்களில் கூலி மீண்டும் உயர்த்தப்பட்டதையும் சேர்த்துப் படிக்காமல் அந்தப் பெயரைப் புகழ்ச்சியாக மட்டும் சொல்வது நியாயமில்லை. ட்ராம்வே அனுபவம்தான் கால்வாய் யோசனையைத் தந்தது என்று சிலர் முடிச்சுப் போடுவார்கள். மலிவான உள்ளூர்ப் போக்குவரத்து என்ற சாயல் இரண்டிலும் இருக்கிறது, அவ்வளவுதான். நிவாரண வேலையாகக் கால்வாய் வெட்டுவது அவர் வருவதற்கு வெகுமுன்பே இந்தியாவில் இருந்த வழக்கம்.

1889-ல் டியூக் இறந்தார், ஆண் வாரிசு இல்லாததால் டியூக் பட்டமும் அவரோடு முடிந்தது. பண்ணையும் பாதையும் அவருடைய சகோதரியின் மகனான ஏர்ல் டெம்பிளுக்குப் போயின. இதற்கு முன்பே பாதையை ஆக்ஸ்ஃபோர்டு வரை நீட்டும் ஆசை பிறந்திருந்தது. 1883-ல் அதற்கென ஒரு சட்டமே வாங்கினார்கள், பணம் திரளவில்லை. 1888-ல் செலவைக் குறைத்து, ஆக்ஸ்ஃபோர்டு அண்ட் எய்ல்ஸ்பரி ட்ராம்ரோடு என்ற பெயரில் வேறொரு கம்பெனி அமைத்தார்கள். அந்தக் கம்பெனி ப்ரிலைத் தாண்டி ஓர் அடி தண்டவாளம்கூடப் போடவில்லை. அது செய்த உருப்படியான காரியம், 1894-ல் பழைய நீளவாக்குக் கட்டைகளை எடுத்துவிட்டு வழக்கமான குறுக்குக் கட்டைகளில் தடத்தைத் திருத்தியது. கம்பெனி ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போகாவிட்டாலும் பெயரில் ஆக்ஸ்ஃபோர்டு ஒட்டிக்கொண்டது. கடைசி அத்தியாயத்தில் இந்தக் கம்பெனி மறுபடி வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மெட்ரோபாலிடன் ரயில்வே இந்தப் பக்கம் வந்ததற்குக் காரணம் அதன் தலைவர் சர் எட்வர்ட் வாட்கினின் பெருந்திட்டம். வட இங்கிலாந்திலிருந்து லண்டன் வழியாக, கடலடிச் சுரங்கம் தோண்டிப் பாரிஸ் வரை ரயில் விட அவர் நினைத்தார். அந்தக் கோட்டில் எய்ல்ஸ்பரியும் வெர்னி சந்திப்பும் ஒரு படி. 1891-ல் எய்ல்ஸ்பரி–வெர்னி பாதையை மெட்ரோபாலிடன் எடுத்துக்கொண்டது. க்வெய்ன்டன் ரோடு ஸ்டேஷனை இடம் மாற்றிக் கட்டி, சுழல்மேடை இல்லாமல் நேராக ஓட வளைவு போட்டது. 1899 டிசம்பர் 1 முதல் ப்ரில் பாதையையும் நடத்தத் தொடங்கியது. இங்கே ஒன்றைக் கூர்ந்து கவனிக்க வேண்டும்: வாங்கவில்லை, குத்தகைக்கு எடுத்தது. நிலமும் தடமும் ட்ராம்ரோடு கம்பெனிக்கே சொந்தமாக இருந்தன.

மெட்ரோபாலிடன் கொண்டுவந்த எஞ்சின்கள் கனமானவை, தடம் பழுதாகிக்கொண்டே இருந்தது. 1910-ல் லண்டன் உள்வட்டப் பாதையில் கழித்த பழைய தண்டவாளங்களைக் கொண்டுவந்து இங்கே போட்டார்கள். நகரத்தில் நிமிடத்துக்கு நிமிடம் ஓடும் வண்டிகளுக்கு ஆகாத தேய்ந்த தண்டவாளம், நாளைக்கு நாலைந்து வண்டி ஓடும் கிராமத்துக்குத் தாராளம். அதன் பிறகு வேக வரம்பு மணிக்கு 25 மைல், பயண நேரம் அரை மணிக்குச் சற்று மேல். பெய்யர் பீக்காக் கம்பெனி 1860-களில் லண்டன் சுரங்கங்களுக்கென்றே செய்த 'ஏ' வகை எஞ்சின்கள், 1905-ல் சுரங்கப் பாதை மின்மயமான பின் வேலையிழந்து நின்றவை. அவற்றில் இரண்டு இங்கே மாறி மாறி ஓடின. சுரங்கத்துக்குள் ஆவி பரவாமல் தண்ணீர்த் தொட்டிக்குள் திருப்பிவிடும் குழாய்கள் அவற்றின் பக்கத்தில் இருக்கும். திறந்த வயலில் அந்தக் குழாய்களுக்கு வேலையே இல்லை. உலகின் முதல் பாதாள ரயிலின் எஞ்சின்கள் தங்கள் கடைசிக் காலத்தை வெஸ்ட்காட்டின் மாட்டுப் புல்வெளியில் கழித்தது இந்தப் பாதையின் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த பகுதி.

ஆனால் அதே காலத்தில் போட்டி சூழ்ந்துவிட்டது. 1906-ல் வாட்டனுக்கு அருகில் கிரேட் சென்ட்ரல் கம்பெனியின் புதுப் பாதையும் அதே பெயரில் ஒரு ஸ்டேஷனும் வந்தன. 1910-ல் பர்மிங்ஹாம் போகும் கிரேட் வெஸ்டர்ன் குறுக்குப் பாதை வுட் சைடிங்குக்கு அடியிலேயே ஓடத் தொடங்கியது. ட்ராம்வேயையும் அந்தச் சிறு நிறுத்தத்தையும் ஒரு பாலத்தின் மேல் ஏற்றி வைத்தார்கள்: கீழே விரைவு வண்டி, மேலே குட்டி வண்டி. 'ப்ரில் அண்ட் லட்ஜர்ஷால்' என்று கிரேட் வெஸ்டர்ன் ஒரு ஸ்டேஷனும் திறந்தது. லண்டன் போகிறவர் ஊர்ந்து க்வெய்ன்டன் ரோடு போய் வண்டி மாற இனி அவசியமில்லை. முதல் உலகப் போருக்குப் பின் லாரிகள் பண்ணை வாசலிலேயே பாலை ஏற்றிக்கொள்ளத் தொடங்கியதும் சரக்கும் நழுவியது.

1933 ஜூலை 1-ல் லண்டன் பயணிகள் போக்குவரத்து வாரியம் பொறுப்பேற்றபோது அதன் நிர்வாகத்தை வழிநடத்தியவர் ஃப்ராங்க் பிக். வாரியத்தின் வேலை லண்டன் மாநகரத்தின் பயணிகளைச் சுமப்பது. பேக்கர் தெருவிலிருந்து ஏறத்தாழ 50 மைலில் இருக்கும் வெர்னி சந்திப்பும் ப்ரிலும் அந்த வேலைக்குள் வரவில்லை, எய்ல்ஸ்பரிக்கு அப்பால் இருப்பதைக் கைவிடுவது என்று முடிவானது. பயணிகள் குறைவு என்பது எல்லா இடத்திலும் சொல்லப்படும் காரணம், அது உண்மையும்கூட. ஆனால் பயணிகள் முன்பும் ஏராளமாக இருந்ததில்லை. 1935-ல் புதிதாக நேர்ந்தது, பாதை ஏன் தேவை என்று சொல்ல யாரும் இல்லாமல் போனது. டியூக்குக்கு அது பண்ணைக் கருவி. ட்ராம்ரோடு கம்பெனிக்கு ஆக்ஸ்ஃபோர்டு கனவு. வாட்கினின் கம்பெனிக்கு வடக்கே விரியும் பேரரசின் ஓரத் துண்டு. வாரியத்துக்கு அது வெறும் செலவு. நாள், உத்தரவு எல்லாம் ஆவணம் சொல்வது. இந்தக் கடைசி நாலைந்து வரிகள் நான் எடைபோட்டுச் சொல்வது.

கடைசி வண்டி 1935 நவம்பர் 30, சனிக்கிழமை இரவு ஓடியது. வழியில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று பணியாளர்களையும் பதிவேடுகளையும் மதிப்புள்ள சாமான்களையும் ஏற்றிக்கொண்டே க்வெய்ன்டன் ரோடு வந்து சேர்ந்தது. சில இடங்களில் மூடிய தேதி டிசம்பர் 1 என்று பார்ப்பீர்கள். இரண்டும் சரி: முன்னது வண்டி கடைசியாக ஓடிய நாள், பின்னது சேவை இல்லாமல் போன முதல் நாள். பிரிட்டிஷ் ரயில் நிலையங்களின் தேதிகளில் இந்த ஓரிரு நாள் வேறுபாடு அடிக்கடி வரும். எந்த முறையில் எண்ணியிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். குத்தகை முடிந்ததும் பாதை ட்ராம்ரோடு கம்பெனியிடமே திரும்பியது. அதனிடம் எஞ்சினும் இல்லை, பெட்டியும் இல்லை, பணமும் இல்லை. 1936 ஏப்ரல் 2-ல் தண்டவாளம், கட்டை, கட்டடம் எல்லாம் ஏலத்துக்கு வந்தன. பெரிய கம்பெனிகள் கைவிட்ட பாதைகள் பல ஆண்டுகள் புல் மூடிக் கிடந்தது உண்டு. ப்ரில் அவ்வளவு சீக்கிரம் துடைத்தெடுக்கப்பட்டதற்கு இந்தக் குத்தகைச் சிக்கலே காரணம்.

1960-களில் பிரிட்டிஷ் ரயில்வேயின் தலைவராக இருந்து நஷ்டப் பாதைகளை மூடச் சொன்ன டாக்டர் பீச்சிங் மூடிய பாதைகளில் இதுவும் ஒன்று என்று நீங்கள் எங்காவது படித்தால் நம்ப வேண்டாம். அவருடைய அறிக்கை 1963-ல் வந்தது. ப்ரில் மூடி அப்போது 28 ஆண்டுகள் ஆகியிருந்தன. பக்கத்துப் பாதைகளைப் பற்றிய குழப்பத்தில்தான் இந்தத் தவறு பிறக்கிறது. க்வெய்ன்டன் ரோடும் கிரேட் வெஸ்டர்னின் ப்ரில் அண்ட் லட்ஜர்ஷாலும் பயணிகளுக்கு மூடப்பட்டது 1963-ல். பெயர்க் குழப்பம் இன்னொன்றும் உண்டு. 1922 வரை ட்ராம்வேயின் வாட்ஸ்டன் நிறுத்தம் வாட்ஸ்டன் என்றே இருந்தது. முதன்மைப் பாதையில் இருந்த வாட்ஸ்டன் மேனர் ஸ்டேஷனுக்கு அந்த ஆண்டு வாட்ஸ்டன் என்று பெயர் மாற்றியபோது இது வாட்ஸ்டன் ரோடு ஆனது. பழைய அட்டவணையில் வாட்ஸ்டன் என்று பார்த்தால் முதலில் ஆண்டைப் பாருங்கள்.

இன்று போனால் என்ன பார்க்கலாம்? ப்ரில் ஸ்டேஷன் இருந்த இடத்தில் ஸ்டேஷன் என்று சொல்ல எதுவும் இல்லை. அதற்காகவே போனால் ஏமாற்றம்தான். க்வெய்ன்டன் ரோடு மட்டும் பக்கிங்ஹாம்ஷைர் ரயில்வே சென்டர் என்ற பெயரில் உயிரோடு இருக்கிறது, பழைய நடைமேடையும் கட்டடமும் பார்க்கலாம். ஆக்ஸ்ஃபோர்டின் பழைய ரூலி ரோடு ஸ்டேஷன் கட்டடத்தையும் கழற்றிக் கொண்டுவந்து அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். வெஸ்ட்காட்டில் சிறு மரக் கட்டடமும் ஸ்டேஷன் வீடும் எஞ்சியுள்ளன. தனியார் சொத்து, சாலையிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வுட் சைடிங்கில் பாலத்தைத் தாங்கிய கரைச்சுவர்களின் எச்சம் உண்டு, அடியில் பர்மிங்ஹாம் வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. லண்டனிலிருந்து வருகிறவர் மேரில்போனில் ஏறி எய்ல்ஸ்பரி வேல் பார்க்வேயில் இறங்கினால் க்வெய்ன்டன் பக்கம்தான். கடைசி சில மைலுக்கு டாக்ஸியோ காரோ வேண்டும்.

ஆவணங்களை நீங்களே பார்க்க விரும்பினால் வரைபடத்திலிருந்து தொடங்குங்கள். ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 25 அங்குல, 6 அங்குலப் பழைய வரைபடங்கள் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 1880-களின் பதிப்பையும் 1900-க்குப் பிந்தைய பதிப்பையும் பக்கத்தில் வைத்தால் க்வெய்ன்டன் ரோடு இடம் மாறியது கண்ணுக்கே தெரியும். வரைபடத்தில் அச்சான ஆண்டை நம்பாமல் நிலத்தை அளந்த ஆண்டைப் பாருங்கள், இரண்டுக்கும் இடையே சில ஆண்டு இடைவெளி இருக்கும். மெட்ரோபாலிடன் ரயில்வேயின் பதிவேடுகள் லண்டன் ஆவணக் காப்பகத்தில் (2024 வரை லண்டன் மாநகர ஆவணக் காப்பகம் என்று பெயர்) இருக்கின்றன, மற்ற ரயில் கம்பெனிகளின் தாள்கள் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில். டியூக்கின் சொந்தக் காகிதங்களைத் தேடுகிறவர்கள் இங்கிலாந்துக்குள்ளேயே சுற்றித் தவறவிடுவது ஒன்று உண்டு. ஸ்டோ குடும்பத்தின் ஆவணக் குவியல் 1920-களில் விற்கப்பட்டு அட்லாண்டிக்கைத் தாண்டிவிட்டது. இன்று அது கலிஃபோர்னியாவின் ஹன்டிங்டன் நூலகத்தில் இருக்கிறது.

எஞ்சின்களைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டாம். அவெலிங்கின் 807 ட்ராம்வேயிலிருந்து விற்கப்பட்டு நார்த்தாம்ப்டன்ஷைரில் ஒரு செங்கல் சூளையில் உழைத்ததால் தப்பிப் பிழைத்தது; இன்று லண்டன் போக்குவரத்து அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது. ப்ரிலுக்கு ஓடிய 'ஏ' வகை எஞ்சின்களில் 1866-ல் செய்த 23-ஆம் எண், கோவென்ட் கார்டனில் உள்ள அதே அருங்காட்சியகத்தில் நிற்கிறது. பக்கவாட்டில் வளைந்து தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கும் அந்தத் தடித்த குழாய்களைத் தேடிப் பாருங்கள், சுரங்கத்துக்காகச் செய்தவை அவைதான்.